தொட்டி நிறைகிற நேரம்

சந்தனமாரிக்குப் பூகம்பத்தைவிடப் பெரிய பயம், அதைப் பற்றிப் புருஷனிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான். நேற்றுச் சாயங்காலம் ஏஜென்ட் ஜெபசிங் தம்பி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வீட்டு இன்ஷூரன்ஸைப் பற்றி ஆற அமர எடுத்துச் சொன்னபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, இவள் தலையும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினதும் சொன்னதில் பாதி அவன் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு இன்றைக்கு இருளப்பனிடம் பேசியாக வேண்டும். அவர் தீவுக்குத் தீவு போகிற கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். கப்பல் இன்று காலை கார் நிக்கோபாரில் நிற்கும், டவர் கிடைத்தால் கூப்பிடுவார், கூப்பிட்டால் முதலில் எதைச் சொல்வது? பணம் எவ்வளவு என்று ஆரம்பித்தால் "வேண்டாம்" என்று வைத்துவிடுவார். வீடு இடிந்தால் என்று ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இது என்ன பேச்சு என்பார். ஜெபசிங் ஆரம்பித்த மாதிரியே ஆரம்பிக்கலாம் என்றால் அவன் எதில் ஆரம்பித்தான் என்பதே நினைவில்லை, டீ நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தான். மத்தியானத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறான், இல்லாவிட்டால் அவன் ரங்கத் போய்விட்டு வர ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரம்தானே என்று இருக்க முடியுமா, இருபது வருஷமாக வராத பெரிய ஆட்டம் அந்த ஒரு வாரத்தில் வந்து தொலைத்தால்? வீட்டோடு போன பிறகு ஐயோ, வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று யாரிடம் போய் அழுவது? இப்படி அடுப்படியில் நின்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் தெருவில் "பானி! பானி!" என்று குரல் எழுந்தது. போர்ட் பிளேரில் தமிழனோ வங்காளியோ தெலுங்கனோ, குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாருக்கும் அந்த ஒரே வார்த்தைதான். மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். சந்தனமாரி தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு நல்ல தண்ணீர். ரப்பர் குழாயை நீல ட்ரம்முக்குள் விட்டுவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கட்டடத்துக்கு மட்டும்தான், அதைச் சொல்ல வேண்டும், கட்டடத்துக்கு மட்டும். வீடு என்ன பெறும் என்று ஊரில் பேசுகிறார்களோ அதில் பாதிக்குத்தான் இன்ஷூரன்ஸ் என்று ஜெபசிங் சொன்னதும் இவளுக்குச் சுருக்கென்றது, நம்மைப் படிக்காதவள் என்று ஏய்க்கிறானோ என்று தோன்றிவிட்டது. ஏழாவதோடு நின்றவளை ஏய்ப்பது என்ன பெரிய வேலை. கேட்டும் விட்டாள். அவன் கோபப்படவில்லை. "அக்கா, ஊர்ல பேசுற விலையில மனையும் சேர்ந்திருக்கு. பூகம்பத்துல கட்டடம்தான் விழும், மண்ணு எங்கக்கா போகப்போகுது? திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதத்தான் கம்பெனி குடுக்கும்." அது சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டுப் பிறகுதான் இவளுக்குச் சிப்பிகாட் ஞாபகம் வந்தது. "மண்ணும் போகும் தம்பி. சுனாமி வருஷம் சிப்பிகாட்டுல நெல்லு வயலெல்லாம் எறங்கி கடலுக்குள்ள போயிருச்சே, இன்னைக்கும் பஸ்ஸுல போறப்ப பார்த்தா வரப்பு மேல கொக்கு நிக்கல, மீனுல்ல நிக்குது." ஜெபசிங் டம்ளரைக் கீழே வைத்தான். "அதுக்கு எங்ககிட்ட பாலிசி இல்லக்கா," என்றான், பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவன் போன பிறகு இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையே இறங்கிப்போகிற ஊரில் நின்றுகொண்டு தரைக்கு மேலே இருப்பதற்குக் காகிதம் எழுதுவதா? இதையும் இருளப்பனிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் சிப்பிகாட்டிலேயே பேச்சு நின்றுவிடுமே. அவருக்குப் பேச்சு எங்கே நின்றாலும் போதும். ட்ரம் நிறைந்து வழிந்து பாதத்தை நனைத்தது. அடுத்த ட்ரம்முக்குக் குழாயை மாற்றினாள்.

ஈரப் பாதத்தைப் பார்த்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, அது எப்போதும் கேட்காமல்தான் வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியற்காலை. அப்போது ஜங்கிலிகாட்டில் பலகை வீடு, மேலே தகரம், வாடகைக்கு. அன்றைக்கும் தண்ணீர் வரும் நாள். குடத்தை வைத்துவிட்டுப் பல் விளக்கிக்கொண்டிருந்தாள், தரை அசைந்தது, யாரோ வீட்டைக் காதைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. பலகை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தியது. இருளப்பன் கைப்பிள்ளையை ஒரு கையிலும் இவள் முந்தானையை ஒரு கையிலும் பிடித்து வெளியே இழுத்து வந்து நிறுத்தினார், தெருவே வெளியே நின்றது, நிற்கவும் முடியவில்லை, எல்லாரும் குடித்தவர்கள் மாதிரி கையை விரித்துக்கொண்டு தள்ளாடினார்கள். அந்த ஆட்டத்துக்கு நடுவில் இவள் திரும்ப உள்ளே ஓடினாள். எதற்கு? குழாயை மூட. திறந்துவிட்ட தண்ணீர் வீணாகப் போகிறதே என்று. வெளியே இருந்து இருளப்பன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது: "ஏய் கிறுக்கி! உலகமே கவுறுது, உனக்குக் குழாயா?" இவள் குழாயை மூடிக் குடத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். கொஞ்ச நேரத்தில் சுனாமி ஏறி, எல்லாரும் கடலுக்குப் பயந்து மேட்டுக்கு ஓடியபோது அந்தத் தெருவுக்கே குடிக்க இருந்தது அந்த ஒரு குடம்தான். ஆனாலும் கேலி நிற்கவில்லை, எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவர் யாரிடமாவது சொல்லிவிடுவார். சொல்லட்டும். விஷயம் அதில்லை. விஷயம் அந்தப் பலகை வீடு. அவ்வளவு கத்திவிட்டு அப்படியே நின்றது, ஒரு தகரம் கழன்றதோடு சரி. சிமென்ட் வீடுகளில்தான் தூண் பிளந்தது, மாடி சாய்ந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் இந்த ஊரில் யாராவது பலகை வீடு கட்டினார்களா? கையில் காசு சேர்ந்ததும் எல்லாரும் பக்கா வீடுதான். இவளும்தான். பலகை வீட்டில் இருக்கிறவளைக் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வாசலோடு பார்த்துவிட்டுப் போவார்கள், சிமென்ட் வீடென்றால் உள்ளே வந்து உட்கார்வார்கள், மாடிக்கு எப்போது கட்டப்போகிறாய் என்று கேட்பார்கள். காராச்சர்மாவில் மனை வாங்கி, இவள் சங்கிலியும் அவர் சம்பளமும் சேர்ந்து எழும்பின வீடு. நிலை வைக்கிற அன்று நவதானியமும் நவரத்தினப் பொட்டலமும் போட்டு, வாசலில் பூசணிக்காய் கட்டி, அதெல்லாம் ஒரு இன்ஷூரன்ஸ்தானே, அதற்கு வருஷா வருஷம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம். அல்லது கட்டாமல் விட்டதால் காலாவதி ஆகியிருக்குமோ? பூசணிக்காய் அழுகி எடுத்துப் போட்டே பல வருஷம் ஆகிறது.

ட்ரம் தண்ணீர் நடுங்கியது. நடுவிலிருந்து வட்டம் வட்டமாக விளிம்புக்கு ஓடியது. சந்தனமாரி மூச்சை நிறுத்தினாள். போன வாரம் இப்படித்தான், அலமாரிக் கதவு தானாகப் பேசியது, டிவியில் லேசான நிலநடுக்கம் என்று ஓடியது, அதற்குப் பிறகுதான் ஜெபசிங்குக்குச் சொல்லி அனுப்பினாள். இதுவும் அதுவா? உள்ளே போய் விளக்கு ஆடுகிறதா என்று பார்க்கலாமா, வேண்டாம், உள்ளே போகக் கூடாது, வெளியேதான் இருக்கிறோம், வெளியே இருப்பதே நல்லது, கேஸ் அணைத்தோமா, அணைத்தோம், கல்லை இறக்கினோம், அணைத்தோமா? சுவருக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுச் சைனம்பு அக்கா அமைதியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படியானால் பூகம்பம் இல்லை. நிலம் ஒரு விரல் நகர்ந்தாலும் முதலில் கத்துவது சைனம்புதான், அரசாங்கத்துக்குக்கூட அதற்குப் பிறகுதான் தெரியும். தெருவில் ஒரு லாரி முனகிக்கொண்டு மேடேறியது. வட்டங்கள் அடங்கின. இவள் விட்ட மூச்சு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், மதிலுக்கு மேல் சைனம்புவின் முகம் எழும்பியது.

"என்னடி சந்தனம், பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. லாரி."

"லாரிக்கும் சேர்த்து எழுதிட்டானா அந்தப் பய? நேத்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தானே."

"இன்னும் எழுதல. அவுககிட்ட கேக்கணும்."

"எழுதாத. நான் சொல்றேன் கேளு. எழுதிவச்சா கூப்பிட்ட மாதிரி. நீ பாட்டுக்கு வா வான்னு எழுதுவ, அது வந்து உன் வீட்டோட போவுமா, மதிலத் தாண்டி என் வீட்டுக்கும்ல வரும்? எனக்கு யாரு குடுப்பா?"

"அப்ப நீங்களும் எழுதுங்க."

"போடி போ. எங்க வீட்டு மனுஷன் கரண்டு பில்லையே கடைசி நாள்லதான் கட்டுவாரு. அவரு என்னைக்கோ வரப்போற பூகம்பத்துக்கு இன்னைக்கே கட்டுவாராக்கும்." முகம் மறைந்தது. பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. எழுதிவைத்தால் கூப்பிட்ட மாதிரி. சந்தனமாரி இதை நேற்று ராத்திரியே நினைத்தாள், நினைக்கவே கூடாது என்று நினைத்தாள், இப்போது இன்னொரு வாயில் கேட்கும்போது அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் தெரிந்தது. இருளப்பனுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கப்பல்காரர்கள் எல்லாருக்கும் இருக்கிறது, அதனால் அவர் என்ன, நன்றாகத்தான் தொந்தி வைத்திருக்கிறார். அந்தத் தொந்தியை நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததும் பயம் ஒரு எட்டுப் பின்வாங்கியது, ஆனால் போகவில்லை. நாய் மாதிரி கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து இவளையே பார்த்தது. சரி, எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம், ஜெபசிங் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டான், பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. அன்று ராத்திரி தூங்குவேனா? தன்னையே கேட்டுக்கொண்டாள். மாட்டேன். ஏன் மாட்டேன்? வீடு போனால் வீடு வருமே, பிறகு ஏன் மாட்டேன்? பதில் வரவில்லை. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நூல் சிக்கிக்கொள்கிறது.

ட்ரம்கள் நிறைந்துவிட்டன. இனி மேல்தொட்டி. மோட்டாரைப் போட்டாள், அது இருமி இருமிப் பிடித்துக்கொண்டது, குழாய் வழியே தண்ணீர் சுவர் ஏறுகிற சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் படுக்கையறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொட்டி நிறைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க இந்த வீட்டில் அதுதான் இடம்; தொட்டி நேராகக் கட்டிலுக்கு மேலேதான் இருக்கிறது, நிறைய நிறைய விழுகிற சத்தம் மெலிந்துகொண்டே வரும், அதைக் கேட்டு மோட்டாரை நிறுத்துவாள். இந்த வீட்டுக்கு வந்தது முதல் இப்படித்தான். குளியலறைக்குப் பக்கம் என்று அங்கே வைத்தார்கள், இந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் அங்கேதான். ஒன்று போதவில்லை என்று தண்ணீர்ப் பஞ்சம் வந்த கோடையில் இருளப்பன் இன்னொன்றும் வாங்கி ஏற்றினார், தெருவிலேயே முதல் இரட்டைத் தொட்டி, சைனம்பு ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இவள் அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையடித்த தளம். அதற்கு மேலே தொட்டி, தொட்டிக்குள் தண்ணீர். எவ்வளவு கனம் இருக்கும்? ஆயிரம் லிட்டர் தொட்டி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அது பள்ளிக்கூடத்தில் சொன்னதா கடையில் தெரிந்ததா, எதுவோ, அது நிச்சயம். அப்படியானால் ஆயிரம் கிலோ. ஆயிரம் கிலோ என்றால் மனசுக்குப் பிடிபடவில்லை. ரேஷன் கடையில் அடுக்கியிருக்கிற அரிசி மூட்டையாக நினைத்துப் பார்த்தாள், இருபத்தைந்து கிலோ மூட்டை, நாலு மூட்டை நூறு, அப்படியானால் நாற்பது. இரண்டு தொட்டி, எண்பது. எண்பது அரிசி மூட்டையை மொட்டைமாடியில் அடுக்கிவிட்டு அதற்கு நேர் கீழே கட்டிலைப் போட்டுப் படுக்கிறோம். அடுக்கியது யார்? மூன்று நாளைக்கு ஒரு தடவை மோட்டாரைப் போட்டு, ஒரு மூட்டைகூடக் குறையாமல், நிறைந்துவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்டு, நான்தானே.

விசித்திரமாக, அந்த நேரத்தில்தான் சிக்கியிருந்த நூல் லேசாக நகர்ந்தது. இத்தனை நாளும் பூகம்பம் பூகம்பம் என்று ஒரு மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருந்தது ஒரு பயம் இல்லை, இரண்டு. வீடு போய்விடுமே என்பது ஒன்று. வீட்டுக்குள் நாம் போய்விடுவோமே என்பது இன்னொன்று. ஜெபசிங் கொண்டுவந்த காகிதம் முதலாவதுக்கு. அது விழுந்த பிறகு வருகிற காகிதம், விழுகிறபோது பிடிக்கிற காகிதம் இல்லை. நான் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவதுக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் பதில் வரவில்லை. குடை வாங்கிவிட்டோமே, இன்னும் ஏன் பசிக்கிறது என்று கேட்ட மாதிரி. சந்தனமாரி எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். தொட்டி பாதிகூட நிறைந்திருக்காது. வாழ்நாளில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது தொட்டி நிறையாமல் அவள் மோட்டாரை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அப்போது போன் அடித்தது.

"சந்தனம்! கேக்குதா?" பின்னால் காற்றும் யாரோ நங்கூரச் சங்கிலியைப் பற்றிக் கத்துவதும் கேட்டது.

"கேக்குது, கேக்குது. இங்க பாருங்க, எண்பது மூட்ட அரிசி—"

"எது? யாருக்கு எண்பது மூட்ட? விசேஷமா?"

"இல்லங்க, மேல. தொட்டி. இல்ல, அதுக்கு முன்னாடி கட்டடம். கட்டடத்துக்கு மட்டுந்தான், மண்ணுக்குக் கெடையாது, சிப்பிகாட்ட விடுங்க—"

"ஏய், நிதானமா சொல்லு. அந்த இன்ஷூரன்ஸா?"

"அதுதான். வருஷத்துக்கு ஒரு தடவ. ரொம்ப இல்ல, நீங்க தீபாவளிக்கு உங்கக்கா மக்களுக்குத் துணி எடுக்குற காசுகூட வராது."

"எங்கக்காவ இழுக்காம உனக்கு ஒரு பேச்சு கெடையாது." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வீடு விழும்னு நாமளே எழுதிக் குடுக்குறதா, சந்தனம்? எத்தன வருஷம் இந்தக் கப்பல்ல வெந்து கட்டுனது."

இவள் கட்டி வைத்திருந்த வாக்கியம் எதுவும் வாய்க்கு வரவில்லை. வந்தது வேறு. "அதனாலதாங்க. திரும்ப வெந்து கட்ட உங்களுக்கு ஒடம்புல தெம்பு இருக்கா?"

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. டவர் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், இல்லை, இருந்தது. "இல்ல," என்றார் இருளப்பன். ஒரு சின்னக் குரலில், தொந்தி இல்லாத குரலில். "இல்லதான். நீ பார்த்துச்—" அதோடு போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று முதலில் இந்தியிலும் பிறகு இங்கிலீஷிலும் ஒரு பெண் சொன்னாள். பார்த்துச் செய் என்றாரா, பார்த்துச் சொல் என்றாரா? வேறொரு நாளாக இருந்தால் சந்தனமாரி இதை வைத்தே சாயங்காலம் வரை மருகியிருப்பாள். இன்று மருகவில்லை. "இல்லதான்" என்றது காதில் இருந்தது, அது போதும். தப்புந்தவறுமாக, முன்னும் பின்னுமாக, அரிசி மூட்டையில் ஆரம்பித்து உளறிக்கொட்டியும் அந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தவருக்குப் புரிவதற்கு வரிசை எதற்கு. இதற்குப் போய் விடிந்ததிலிருந்து வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது தோள்பட்டை இரண்டும் தானாகக் கீழே இறங்கின. அவை இவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டிருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஜெபசிங்கைக் கூப்பிட்டாள். "தம்பி, எழுதிக்கிருங்க." அவன் சந்தோஷமாக என்னென்னவோ சொன்னான். "அதெல்லாம் சரி தம்பி, போறப்ப இந்தப் பக்கமா வந்து கையெழுத்து வாங்கிக்கிருங்க. அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச பிளம்பர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. தொட்டி ரெண்டையும் கீழ இறக்கணும்." தண்ணீர்த் தொட்டியை யாராவது கீழே இறக்குவார்களா என்று அவன் கேட்டான். "நான் எறக்குவேன்," என்றாள். "குளிக்கிறதுக்கு நான் வாளியில மோந்துக்கிறேன்."

பிளம்பர் இந்த ஊரில் கூப்பிட்ட அன்றைக்கா வந்துவிடுவான், பத்து நாளோ ஒரு மாசமோ. அதுவரை? மதிலடிக்குப் போய்க் கூப்பிட்டாள், சைனம்பு கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கட்டிலின் ஒரு தலையை இவள் பிடிக்க மறு தலையை அவள் பிடித்தாள், இழுக்கும்போது தரை கிறீச்சிட்டது.

"தேக்கு மரம்டி, இடுப்பு போச்சு. கட்டில எங்க கொண்டுபோற, வித்துட்டியா?"

"கூடத்துக்கு. வாசக்கதவுக்குப் பக்கத்துல."

"வாசல்ல கட்டிலப் போட்டுப் படுத்தா வர்றவன் போறவன் என்ன நெனப்பான்? அப்ப அந்த இன்ஷூரன்ஸ் எதுக்கு?"

"அது வீட்டுக்கு," என்றாள் சந்தனமாரி. "இது எங்களுக்கு. நீங்களும் உங்க கட்டில நகத்துங்கக்கா. உங்க தொட்டியும் அங்கதான இருக்கு."

சைனம்பு ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள், பிறகு கட்டிலைச் சற்று வேகமாகவே இழுத்தாள். கதவு திறக்க இடைஞ்சல் இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் தாழ்ப்பாள் வருகிற மாதிரி, சுவரோரமாக அதைப் போட்டார்கள். சைனம்பு போன பிறகு படுக்கையறையில் கட்டில் கிடந்த இடத்தைப் பெருக்கித் துடைத்தாள் சந்தனமாரி. அந்தச் செவ்வகம் மட்டும் தரை புதுசாக மின்னியது. கூடத்துக்கு வந்து கட்டிலில் சும்மா உட்கார்ந்து பார்த்தாள், பிறகு காலை நீட்டினாள். திறந்த கதவு வழியே உப்புக் காற்று வந்தது. கையெழுத்து வாங்க வந்த ஜெபசிங் வாசலில் நின்று இரண்டு தடவை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். பட்டப்பகலில் வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம் தூங்குகிறவளை எழுப்ப மனமில்லாமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டான்.